கயோட்டி பின்னால் வந்தால் ஓடலாமா?

கேள்வி: ரொறன்ரோ, ஸ்காபரோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். வயது 67. பேத்தியின் நாய் லட்டுவை (ஷிட்சு, ஆறு கிலோ) பின்னேரங்களில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. தை மாதக் கடைசியில் ஒருநாள், ஐந்தரை மணி இருக்கும், மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே போகும் மெடோவே பாதையில் ஒரு கயோட்டி (நரி மாதிரியான காட்டுப் பிராணி) எங்களுக்குப் பின்னால் வந்தது. லட்டு லீஷை (நாய்வாரை) இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டது. எப்படியோ சுருட்டி இழுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதுவும் ஓடி வந்தது. ஒரு வீட்டு ட்ரைவ்வேயில் ஏறிய பிறகுதான் திரும்பிப் போனது. இரண்டு கிழமையாக வெளியே போகவே பயமாக இருக்கிறது. பொல்லு ஒன்று கொண்டு போகலாமா? வெளிச்சம் இருக்கும்போதே வரும் கயோட்டிக்கு விசர் (ரேபிஸ்) என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், உண்மையா? இரவில் ஊளையிடுவதும் கேட்கிறது. இவ்வளவு நடந்தும் நகரசபை ஏன் இவற்றைப் பிடித்துக்கொண்டு போவதில்லை?

பதில்:

அன்புள்ள அம்மா,

லட்டுவைத் தூக்கினீர்கள், அது சரி. தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், அதுதான் பிழை. குறை சொல்லவில்லை, உங்கள் இடத்தில் நின்றிருந்தால் என் கால்களும் அதைத்தான் கேட்டிருக்கும். ஆனால் கயோட்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வரை ஓடக்கூடிய பிராணி. பனிச் சப்பாத்தும் கனத்த ஜக்கற்றும் போட்டுக்கொண்டு, ஆறு கிலோ நாயையும் சுமந்து ஓடுகிற நம்மை அது பிடிக்க நினைத்திருந்தால் அந்த ட்ரைவ்வே வரை விட்டிருக்காது. அது உங்களைப் பிடிக்க வரவில்லை. நீங்கள் ஓடியதால் ஓடி வந்தது.

ஊரில் தெருநாயைக் கண்டு சைக்கிளை வேகமாக உழக்கியவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். உழக்க உழக்கத் துரத்தும். இறங்கி நின்று, கல் எடுக்கிற பாவனையில் குனிந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். கயோட்டியும் அதே குடும்பம்தான். ஒரேயொரு வித்தியாசம், இதன் முன்னால் குனியக் கூடாது. குனிந்தால் நாம் சிறிதாகிவிடுகிறோம்.

அடுத்த முறை கண்டால், முதலில் நில்லுங்கள். லட்டுவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். முகத்தை அதற்குக் காட்டுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். மற்றக் கையை உயர்த்திக் குரல் எடுத்துக் கத்துங்கள். “றோட்டிலே நின்று எப்படிக் கத்துவது, வெட்கம்” என்று உங்கள் வயதில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஊரில் வேலியைப் பிரித்துக்கொண்டு வளவுக்குள் வந்த மாட்டைக் கலைக்கும்போது வெட்கப்பட்டோமா? அந்தக் குரல்தான் இங்கேயும் வேண்டும். கீச்சிடக் கூடாது, அதட்ட வேண்டும். தமிழில் அதட்டினாலும் அதற்கு நன்றாகவே விளங்கும். ஓரடி முன்னுக்கு வைத்து, காலை நிலத்தில் அடித்து, அது கண்ணுக்கு மறையும் வரை விடாமல் கத்துங்கள். பாதியில் நின்று திரும்பிப் பார்க்கிறதே, போய்விட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். அரைகுறையாகக் கலைத்த கயோட்டி, மனிதர் சத்தம் போடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று படித்துக்கொண்டு போகும். அது விலகிப் போன பிறகு, முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பொல்லு தாராளமாகக் கொண்டு போகலாம், அடிப்பதற்கு அல்ல. அடிக்கும் தூரத்துக்கு அதை வரவிடவே கூடாது. நிலத்தில் தட்டிச் சத்தம் எழுப்பவும், பனியில் வழுக்காமல் ஊன்றவும் அது உதவும். என்னைக் கேட்டால், பட்டனை அமத்தினால் படீரென்று விரியும் குடை பொல்லைவிட நல்லது. ஒரு நொடியில் நீங்கள் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுவீர்கள். கயோட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மறைப்பும் வந்துவிடும். விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இந்தக் கலைப்புக்கு ஒரு விலக்கு உண்டு. கயோட்டிகள் இணைசேர்வது தையிலிருந்து பங்குனி வரை. ஏறக்குறைய ஒன்பது கிழமையில் குட்டி போடும். சித்திரை, வைகாசியில் குகைக்குள் குட்டி இருக்கும். ஆடி வரைக்கும் தாயும் தகப்பனும் அந்த இடத்தைக் காவல் காக்கும். அந்த மாதங்களில் ஒரு கயோட்டி ஓடாமல், கடிக்க வராமல், ஒரே தூரத்தில் உங்களோடு கூடவே நடந்து வந்தால், அது வேட்டை அல்ல. தன் குட்டிகள் இருக்கும் இடத்திலிருந்து உங்கள் நாயை வழியனுப்பி வைக்கிறது. அப்போது கத்திக் கலைத்தால் அதற்குப் போக இடமில்லை, குட்டியை விட்டு ஓடாது. நாயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள். சில கிழமைக்கு வேறு பாதையில் போங்கள். உங்களுக்கு நடந்தது தைக் கடைசியில், இணைசேரும் காலத்தில். அந்த நாட்களில் அவை தம் எல்லைக்குள் வருகிற எந்த நாயையும் போட்டிக்காரனாகப் பார்க்கும். பெரிய நாய் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சின்ன நாய்க்கு ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் ஆறு கிலோ என்பது முயலின் அளவுக்கும் கிட்ட வருகிறது.

இனி லீஷ். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: லட்டு “லீஷை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டது”. பட்டன் அமத்தினால் ஐந்து மீற்றருக்கு நீண்டு சுருங்கும் லீஷ் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். ரொறன்ரோவில் லீஷ் இரண்டு மீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நகரச் சட்டம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். ஐந்து மீற்றர் தள்ளி நிற்கும் சின்ன நாய் கயோட்டியின் கண்ணுக்குத் தனியாகத் திரியும் பிராணிதான்; மறுநுனியில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அதற்குப் புரியாது. உங்கள் காலோடு ஒட்டி நடக்கும் நாய் உங்களில் ஒரு பகுதி. கயோட்டிக்கு மனிதரோடு மோத விருப்பம் இல்லை. லட்டுவுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு உங்கள் உடம்புதான். அதை ஐந்து மீற்றர் தூரத்தில் வைக்காதீர்கள்.

கழுத்துக் கொலருக்குப் பதிலாக, நெஞ்சைச் சுற்றிக் கட்டும், முதுகில் கைபிடி வைத்த ஹார்னெஸ் ஒன்று வாங்குங்கள். கொலரில் பிடித்துத் தூக்கினால் கழுத்து நெரியும். ஹார்னெஸ் என்றால் ஒரு கையால் பிடித்து மேலே எடுத்து, மற்றக் கையை நெஞ்சுக்குக் கீழே கொடுக்கலாம், அதிகம் குனியத் தேவையில்லை. வாங்கியதும் வீட்டு ஹோலில், கையுறை போட்டுக்கொண்டே பத்துத் தரம் தூக்கிப் பழகுங்கள். லட்டுவும் பழக வேண்டும். தூக்கியதும் ஒரு துண்டு கரட் கொடுத்தால் அடுத்த முறை தானே வந்து நிற்கும். பதற்றத்தில் தூக்கும்போது நாய் நெளிந்து நழுவி விழுவதை நான் பல தரம் கேட்டிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடிபட்டு வரும் நாய்களைக் கையில் ஏந்துகிற மிருக வைத்தியன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு பொமரேனியனைக் கொண்டு வந்தார்கள். “சின்னக் காயம்தான் டொக்டர், இரத்தம்கூட நின்றுவிட்டது” என்றார் வீட்டுக்காரர். மயிரை வழித்துப் பார்த்தால் முதுகில் இரண்டு துளைகள், பேனை முனையால் குத்திய அளவு. மயக்க மருந்து கொடுத்துத் திறந்தபோது உள்ளே தோலும் தசையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்து கிடந்தன. கயோட்டி பிடித்ததை உதறும். நாயின் தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்து நகரும். உள்ளே இருக்கும் தசை நகராமல் கிழியும். வெளியே துளை, உள்ளே குழி. நெஞ்சில் பட்டால் நுரையீரலுக்குள் காற்றுப் போகும் வழி கெடும். அந்தப் பொமரேனியன் பிழைத்தது, மூன்று கிழமை குழாய் வைத்திருந்தோம். மறுநாள் காலை பார்ப்போம் என்று அவர் வீட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்காது.

ஆகவே கடித்ததோ, கடித்ததுபோல ஒரு சந்தேகமோ இருந்தால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றிரவே மிருக வைத்தியரிடம் போங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள். மஞ்சள் பூசாதீர்கள், ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றாதீர்கள். வலிக்கிறதே என்று ரைலனோல், அட்வில் எதுவும் கொடுக்கவே வேண்டாம். நாய்க்கு அவை நஞ்சு. உங்கள் கையில் கடியோ கீறலோ பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விசர் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை. ஊரில் பகலில் நரியைக் கண்டால் விசர் நரி என்றுதான் கலைத்தோம், அந்த ஞாபகத்தில் சொல்கிறார் போலும். கயோட்டி பகலிலும் திரியும் பிராணி. நகரத்தில் மனிதருக்குப் பயந்து இரவுக்கு மாறிக்கொள்கிறது, அவ்வளவுதான். குட்டிகளுக்குத் தீனி தேடும் காலத்தில் நடுப்பகலிலும் பார்க்கலாம். தள்ளாடுவது, வாயில் நுரை, கால் இழுபடுவது, எதையும் பொருட்படுத்தாமல் நேரே வருவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. மயிர் கொட்டி, எலி வால் போன்ற வாலோடு திரிவதைக் கண்டு பலர் விசர் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது சொறி. தோலுக்குள் துளைக்கும் சிற்றுண்ணியால் வருவது. லட்டுவுக்கும் தொற்றும், ஆனால் மருந்தால் மாறும். இதைவிட எனக்குக் கவலை தருவது எக்கினோகொக்கஸ் என்ற சின்ன நாடாப்புழு. தெற்கு ஒன்ராறியோக் கயோட்டிகளின் குடலில் அது இருக்கிறது. எலியைத் தின்ற நாய்க்கு வரும், நாயின் மலம் வழியாக மனிதருக்கும் வரலாம். மெடோவே புல்லுக்குள் லட்டு எதையாவது வாயில் கவ்வினால் பறித்துவிடுங்கள்; வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் கையையும் கழுவச் சொல்லுங்கள்.

ஊளையைப் பற்றிக் கேட்டீர்கள். ஊரில் நாங்கள் நரி என்றது ஆங்கிலத்தில் ஜக்கால் எனப்படும் பிராணியை. இலங்கைக் காட்டில் வேறு நரி இல்லை. கயோட்டி அதற்கு நெருங்கிய சொந்தம், அதனால்தான் அந்தச் சத்தம் உங்கள் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டே கயோட்டிகள் குரலை ஏற்றி இறக்கிப் பத்துப் பன்னிரண்டு நிற்பதுபோலக் கேட்க வைக்கும். சகுனமும் இல்லை, வேட்டைக் கூச்சலும் இல்லை. இது எங்கள் இடம் என்று பக்கத்துக் குடும்பத்துக்கு அறிவிக்கிறது.

இப்போது கொஞ்சம் சங்கடமான விடயம். உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில், பின்வளவில் காகத்துக்குச் சோறு வைக்கப் போகும்போதும் இப்போது பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அந்தச் சோற்றைத் தின்பது காகம் மட்டும் இல்லை. அணில் வரும், ரக்கூன் வரும், இருட்டினால் எலி வரும். எலி வரும் இடத்துக்குக் கயோட்டி வராமல் வேறு எங்கே போகும்? மெடோவே டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வரை 16 கிலோமீற்றர் நீளப் பச்சை வெளி, அவற்றுக்கு நெடுஞ்சாலை மாதிரி. அந்த நெடுஞ்சாலையில் உங்கள் பின்வளவு ஒரு சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. காட்டு உயிர்களுக்குத் தீனி வைப்பதை ரொறன்ரோச் சட்டமும் தடுக்கிறது. அமாவாசைக்கு வைக்காமல் இருக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். என் தாயாரும் அப்படித்தான். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: படைத்ததை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டு நீங்களே சாப்பிடுங்கள். அவர் இரண்டு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அதே கையோடு பச்சைத் தொட்டியின் பூட்டையும் பாருங்கள். மீன் தலையும் கோழி எலும்பும் போட்ட தொட்டியை முதல்நாள் இரவே வீதியோரம் வைக்காமல், எடுக்கும் நாள் காலையில் வையுங்கள். பேர்ஸ் மரம் இருந்தால் விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள், கயோட்டி பழமும் தின்னும். இரவு பத்து மணிக்கு லட்டுவைக் கதவைத் திறந்து தனியாக வெளியே விடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஆறடி வேலி கயோட்டிக்குப் பெரிய தடை இல்லை. விளக்கைப் போட்டு, இரண்டு தரம் கைதட்டி, நீங்களும் கூடவே போங்கள். எங்களிடம் வரும் கடிகளில் பாதைகளில் நடப்பவற்றைவிடச் சொந்தப் பின்வளவில் நடப்பவையே அதிகம்.

ஏன் பிடித்துக்கொண்டு போகவில்லை என்ற கேள்விக்கு: பிடித்தாலும் எங்கே விடுவது? ஒன்ராறியோச் சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட வேண்டும். கொன்றால், காலியான எல்லைக்குள் அடுத்த ஆண்டே வேறு சோடி வந்துவிடும். சோறு அங்கேதானே இருக்கிறது. மனிதருக்குப் பழகி மனிதரையே கடிக்கத் தொடங்கியவற்றை மட்டும் கடைசி வழியாகக் கொல்கிறார்கள். வன்கூவர் ஸ்ரான்லி பார்க்கில் 2021இல் அதுதான் நடந்தது. சில மாதங்களுக்குள் 40 பேருக்கு மேல் கடிபட்டார்கள். ஆட்கள் தீனி போட்டுப் பழக்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம். மற்றப்படி வட அமெரிக்கா முழுவதிலும் கயோட்டியால் மனிதர் இறந்ததாகப் பதிவானது இரண்டே தரம், 1981இல் கலிபோர்னியாவிலும் 2009இல் நோவா ஸ்கோஷியாவிலும். நாய் கடித்து இறப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் அதைவிட அதிகம். பகலில் ஒன்று சும்மா கடந்து போனால் விட்டுவிடுங்கள். உங்களைத் தொடர்ந்தால், கலைத்தும் போகாவிட்டால் நகரசபையின் 311க்கு அழைத்து இடமும் நேரமும் சொல்லுங்கள். கடிக்க வந்தால் 911.

பேத்திக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. 2021 ஆடியில் உங்கள் ஸ்காபரோவிலேயே பத்து வயதுப் பிள்ளை ஒன்று தன் யார்க்‌ஷயர் டெரியரோடு நடந்தபோது கயோட்டி துரத்திய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை அலறிக்கொண்டு ஓடியது, லீஷ் கை நழுவியது, அந்தக் குட்டி நாய் திரும்பி நின்று கயோட்டியை மறித்தது. நாய் மோசமாகக் கடிபட்டும் பிழைத்தது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நாயின் வீரத்தைப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு மனதில் நிற்பது, அந்தப் பிள்ளைக்கு ஓடாதே என்று அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்களே என்பது. உங்கள் பேத்தி சின்னப் பிள்ளை என்றால் இருட்டும் நேரம் லட்டுவோடு தனியே அனுப்பாதீர்கள். ஹோலில் நீங்கள் லட்டுவைத் தூக்கிப் பழகும்போது அவளையும் பக்கத்தில் நிறுத்தி, குரல் எடுக்கப் பழக்குங்கள். பிள்ளைகளுக்குக் கத்தச் சொல்லிக்கொடுப்பது சுலபம், நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

நடையை நிறுத்த வேண்டாம். தை, மாசியில் ஐந்தரைக்கெல்லாம் மங்கிவிடுகிறது, அதனால் மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் மெடோவேக்குப் போகாமல் வீதி நடைபாதையில் நடவுங்கள். காதில் தேவாரமோ வானொலியோ போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லட்டுவின் விசர்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று கடிதத்தில் இல்லை. ஒன்ராறியோவில் மூன்று மாதம் தாண்டிய எல்லா நாய்க்கும் அது கட்டாயம். மகளிடம் தடுப்பூசி அட்டையை எடுக்கச் சொல்லித் திகதியைப் பாருங்கள். காலம் கடந்திருந்தால் ஹார்னெஸ் வாங்கப் போகும் முன்னரே உங்கள் மிருக வைத்தியரிடம் ஊசிக்கு நேரம் எடுத்துவிடுங்கள். டிஸ்டெம்பர், லெப்டோ என்ற மற்ற நோய்களுக்கும் போட்டிருக்கிறதா என்று அதே தரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.